மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி: மைக்கின் தோல்வியிலிருந்து எதைக் கற்பது?

கேள்வி:
நுழைவுத் தேர்வில் வாய்ப்பை இழந்த தம்பியுடன், பிக்சார் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட இந்தப் படத்தைப் பார்த்தேன். குழந்தைகளின் அலறலிலிருந்து ஆற்றல் எடுக்கும் அரக்கர் உலகில், அவர்களைப் பயமுறுத்தும் வேலைக்காகவே பாடநூல்களைக் கரைத்துக் குடித்த அரக்கன் மைக், பயமுறுத்தும் தோற்றம் இல்லையென்று ஒதுக்கப்படுகிறான். புத்தகத்தையே தொடாத சல்லியோ குடும்பப் பெயரையும் உறுமலையும் வைத்துக் காலத்தை ஓட்டுகிறான். கடைசியில் இருவருமே பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்படுகிறார்கள். உழைத்தும் பயனில்லை என்றுதான் தம்பி புரிந்துகொண்டான். வேறு எப்படி இதைப் பார்க்கலாம்?

பதில் 1:
பல்கலைக்கழக அணிகளுக்கிடையே நடக்கும் பயமுறுத்தும் போட்டியின் இறுதிச் சுற்றில், மைக் வெல்ல வேண்டும் என்பதற்காகச் சல்லி பயமுறுத்தலை அளக்கும் கருவியை ரகசியமாக எளிய நிலைக்கு மாற்றி வைக்கிறான். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் 'உன்னால் முடியாது' என்பதை அதைவிடக் கடுமையாக எப்படிச் சொல்ல முடியும்? அதைக் கண்டுபிடித்த மைக், தன்னை நிரூபிக்க ஒரு கதவு வழியாக மனித உலகத்துக்குள் நுழைந்துவிட, அங்கே ஒரு முகாமில் இருக்கும் குழந்தைகளோ அவனைக் கண்டு துளியும் அஞ்சவில்லை. பின்னர் ஏரிக்கரையில், தானும் எப்போதும் பயந்துகொண்டே இருந்ததாகச் சல்லி ஒப்புக்கொள்கிறான். என்னைக் கேட்டால், அவர்களுடைய நட்பு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் இருந்தது ஒரே அணியில் இருக்க நேர்ந்த கட்டாயம் மட்டுமே.

பதில் 2:
உழைப்பு வீண் என்பதை நான் ஏற்கவில்லை. மைக்கைத் தேடிச் சல்லியும் போனபின், அரக்கர் உலகுக்குத் திரும்பும் கதவு செயலிழந்த நிலையில், தேடி வந்த பெரியவர்களை எப்படிப் படிப்படியாகக் கலங்கடிப்பது என்று திட்டமிடுவது மைக். இறுதியில் உறுமுவது சல்லி. கதவைத் திறக்கும் அளவுக்கு ஆற்றல் திரண்டது இருவரும் சேர்ந்ததால்தான். தோற்றவர்கள் என்று எல்லோரும் சிரித்த தங்கள் ஊஸ்மா கப்பா அணியை மைக் பயிற்றுவித்ததையும் தம்பிக்கு நினைவூட்டுங்கள்: அவர்களைத்தான் முதல்வர் ஹார்ட்ஸ்கிராபிள் பின்னர் பயமுறுத்தும் பிரிவில் சேர்த்துக்கொள்கிறார். மைக் கற்றது அத்தனையும் பயன்பட்டது, அவன் நினைத்த இடத்தில் இல்லை, அவ்வளவே.

பதில் 3:
கதைப்படி இதற்குப் பின் நிகழும் 'மான்ஸ்டர்ஸ், இங்க்.' என்ற 2001-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில், அலறலைவிடச் சிரிப்புக்குப் பத்து மடங்கு ஆற்றல் உண்டென்று தெரியவர, அதே மைக் குழந்தைகளைச் சிரிக்க வைப்பவனாகிறான். இருப்பினும் இதைத் தம்பிக்கு ஆறுதலாகச் சொல்ல வேண்டாம் என்பேன். தோற்ற அன்று மைக்குக்கு அது தெரியாது. பட்டமின்றி, அலறலைச் சேகரிக்கும் மான்ஸ்டர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல் பிரிவில்தான் மைக்கும் சல்லியும் வேலையைத் தொடங்கினார்கள். நீக்கத்தை முதல்வர் திரும்பப் பெறாததே படத்தின் நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பிக்கு இப்போது வருத்தப்பட உரிமை இருக்கிறது. படத்தைப் பற்றிய வாதத்தைச் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள்.