ஊர்ப்புற கவுண்டியில் சொத்து வரிப் பதிவேடு: பார்த்ததும் பட்டதும்

(அமெரிக்காவில் கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது. அங்கே நிலம் வாங்கிய தமிழர்கள் எழுதியவை இவை; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

செம்மண்

டெக்சாஸில் நகரத்துக்கு வெளியே நிலம் தேடியவர்களுக்கு 1-டி-1 வேளாண் மதிப்பைப் (சந்தை விலையை விட்டு, நிலத்தின் விளைச்சலை வைத்து வரி போடும் முறை) பற்றி நீட்டி விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினுக்குக் கிழக்கே ஒரு சிறு கவுண்டியில் 12 ஏக்கர் மேய்ச்சல் நிலம் விலைக்கு வந்தது. விற்பவரின் முகவர் கொடுத்த தாளில் முந்தைய ஆண்டு வரி 22 டாலருக்கும் குறைவாக இருந்தது. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வரிக்காக நிலத்தை மதிப்பிடும் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அதே நிலத்தின் சந்தை மதிப்பு 2,40,000 டாலர் என்றும், அதற்குக் கீழே உற்பத்தி மதிப்பு 1,200 டாலர் என்றும் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் இருந்ததைப் பார்த்துத் திகைத்து, பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன்.

முகப்பில் இருந்த வயதான அம்மையார் தாளை வாங்கி, வேளாண் மதிப்புப் பெற்ற நிலத்தைக் குறிக்கும் "டி1" என்ற குறியீட்டைப் பென்சிலால் வட்டமிட்டார். பின்பக்கம் திருப்பி மேலே 22 என்றும், கீழே 4,300 என்றும் எழுதினார். இரண்டுக்கும் நடுவில் கொம்போடு ஒரு மாட்டை வரைந்தார். "அங்கே மேயும் மாடுகள் யாருடையவை என்று தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவை பக்கத்து நிலத்துக்காரருடையவை என்றும், வாய்மொழிக் குத்தகைதான் என்றும், குறைந்த மதிப்பு விற்பவர் பெயரில் உள்ள விண்ணப்பத்தின் பேரில் கிடைப்பதால் கைமாறினால் புது உரிமையாளர் ஏப்ரல் 30-க்குள் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். விண்ணப்பிக்காவிட்டால் குறியீடு "ஈ", அதாவது வேளாண் மதிப்பு இல்லாத ஊர்ப்புற நிலம் என்று ஆகிவிடும், கீழே எழுதிய தொகை வரும்.

வாங்கினேன், விண்ணப்பித்தேன், மாடுகள் இன்னும் மேய்கின்றன. உறுத்துவது வேறு. குத்தகையைத் தொடரக் கேட்பதற்காக அந்த மாட்டுக்காரரைத் தேடிப் போனபோது, நிலம் விற்பனைக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பல ஆண்டுகளாக அவருடைய மாடுகளைக் காட்டித்தான் அந்த உரிமையாளர் ஆயிரக்கணக்கான டாலர் வரியை மிச்சப்படுத்தியிருக்கிறார். விற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வேலியோரம் நின்று அதைச் சொல்ல வேண்டியவனாக நான் ஆனேன்.

ஏட்டுச்சுரைக்காய்

செம்மண் அவர்களுக்கு வாய்த்தது நல்ல எழுத்தர். அதை வைத்து "அலுவலகத்துக்குப் போனால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். நான் ஜார்ஜியாவில் இருக்கிறேன். இங்கே 159 கவுண்டிகள் உள்ளன, ஒவ்வொன்றும் தன் பதிவேட்டைத் தன் வழக்கப்படி வைத்திருக்கிறது.

தெற்கு ஜார்ஜியாவில் பைன் மரக்காடாக இருந்த ஒரு நிலத்தை வாங்கிப் பத்திரமும் பதிவான பிறகு, என் பெயரை இணையத்தில் தேடினால் எதுவும் வரவில்லை. பார்சல் எண்ணை, அதாவது நிலத்துக்குக் கொடுத்திருக்கும் அடையாள எண்ணைக் கொடுத்தாலும் வரவில்லை. எண்களுக்கு நடுவே அவர்கள் விட்டிருக்கும் இடைவெளியை அப்படியே விட்டால்தான் அந்தத் தேடுபொறி ஏற்றுக்கொள்ளும் என்பது பிறகுதான் புரிந்தது. பெயர்க் குழப்பம் அதைவிடப் பெரியது. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட நம்மவர்களுக்குக் கடவுச்சீட்டில் தந்தை பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது அல்லவா? வரிப் பதிவேட்டில் என் நிலம் என் அப்பாவின் பெயருக்குக் கீழே, என் பெயரின் முதல் ஒன்பது எழுத்துகளோடு வெட்டப்பட்டுக் கிடந்தது. கரூருக்கு அப்பால் எங்கும் நிலம் பார்த்திராத என் அப்பா, அமெரிக்கப் பதிவேட்டில் எழுபது ஏக்கருக்குச் சொந்தக்காரர்போல நின்றார். அலுவலகத்தில் இருந்தவர் என்னிடம், "உங்களுக்குச் சகோதரர் யாரேனும் உண்டா? அவர் பெயரில்தான் இருக்கிறது" என்று மிகுந்த அக்கறையோடு சொன்னார். எனக்குச் சகோதரரே இல்லை.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த நிலத்தின்மேல் முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட பத்தாண்டுப் பாதுகாப்புப் பயன்பாட்டு ஒப்பந்தம் (நிலத்தைக் காடாகவோ விவசாயத்திலோ வைத்திருப்பதாக உறுதி கொடுத்து வரியைக் குறைத்துக்கொள்வது) இருந்தது. வாங்கியவர் அதைத் தொடர்வதாக விண்ணப்பிக்காவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். அதுவரை மிச்சமான வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அதைப் பற்றி வந்த கடிதம் வெட்டுப்பட்ட பெயருக்குப் போய், அஞ்சல்காரரின் புண்ணியத்தால் மட்டுமே என் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

மருதநிலம்

டெக்சாஸில் வரி கட்டாத நிலங்களை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நீதிமன்றக் கட்டடத்தின் வாசலில் ஏலம் விடுவார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். நானும் ஒரு முறை ஏலம் கேட்கும் எண்ணத்தோடு போனேன். பட்டியலில் தெரு முகவரி இருக்காது. வழக்கு எண், கணக்கு எண், "அப்ஸ்ட்ராக்ட் இத்தனை, இன்னார் சர்வே, இத்தனை ஏக்கர்" என்று ஆதி நில அளவையைச் சொல்லும் விவரணை ஆகியவை மட்டுமே இருக்கும். நான் கண் வைத்திருந்தது 8 ஏக்கர். பதிவேட்டில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, வரைபடத்தில் அந்த 8 ஏக்கர் ஒரு பழைய வீட்டுக்குப் பின்புறம் ஒட்டியிருந்தது. வீட்டின் கணக்கு தனி, அதற்கு ஆண்டுதோறும் வரி கட்டப்பட்டிருந்தது. பின்னாலிருந்த நிலத்தின் கணக்குக்கு மட்டும் யாரும் கட்டவில்லை; அதன் வரிக் கேட்புச் சீட்டுகள் வேறு மாநிலத்து முகவரி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஏலத்தன்று காலை, தொப்பியணிந்த ஒரு முதியவர் வங்கிக் காசோலையைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். அலுவலர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் தாளில் நான் கேட்கவிருந்த எண்ணின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். முதியவர் உரத்த குரலில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "முப்பது ஆண்டுகளாக வரி கட்டுகிறேன். இது தனிக் கணக்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்?" கேட்புச் சீட்டுகள் போனது இறந்துவிட்ட அவருடைய தம்பியின் முகவரிக்காம். கேட்புச் சீட்டு கிடைக்கவில்லை என்பது டெக்சாஸ் சட்டத்தில் ஒரு காரணமாகவே ஏற்கப்படாது. வரியும் அபராதமும் அப்படியே செல்லும்.

அந்த இரண்டாவது கணக்கை நான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்திருந்தேன். அந்த மண்ணிலேயே குடியிருந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமா கூடாதா என்பதற்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை

மருதநிலம் அவர்களின் மனத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் எழுதியதைப் படித்தால் ஏலம் கேட்பதே பாவம் என்று தோன்றிவிடும். ஏலத்தில் போன பிறகும் குடியிருப்பு வீட்டுக்கும் வேளாண் மதிப்புப் பெற்ற நிலத்துக்கும் இரண்டாண்டு மீட்புக் காலம் உண்டு. ஏலம் எடுத்தவருக்கு முதலாண்டில் 25 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 50 சதவீதமும் கூடுதலாகக் கொடுத்து உரிமையாளர் மீட்டுக்கொள்ளலாம். மற்றச் சொத்துகளுக்குத்தான் 180 நாட்கள். ஆகவே அந்தப் பெரியவர் ஒரே காலையில் நடுத்தெருவுக்கு வந்திருக்க மாட்டார்.

என் அனுபவம் சிறியது. நான் வாங்கிய நிலத்தின் பழைய பத்திரம் அளவைகளை "வாரா" கணக்கில் சொல்லி, ஒரு கருவாலி மரத்திலிருந்து தொடங்கியது. மரம் எப்போதோ போய்விட்டது. வாரா என்பது ஸ்பானியர் காலத்து அளவு. டெக்சாஸில் ஒரு வாரா 33⅓ அங்குலம். அதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது பத்திரத்தின் பரப்புக்கும் வரிப் பதிவேட்டின் பரப்புக்கும் கால் ஏக்கருக்கு மேல் வித்தியாசம் வந்தது. எழுத்தர் தோளைக் குலுக்கி, "நாங்கள் வரிக்காக வரைகிறோம், எல்லைக்காக அல்ல" என்றார். அந்தப் பதில்தான் நினைவில் நிற்கிறது.

அதனால் புதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். மதிப்பிடும் அலுவலகமும் வரி வசூலிக்கும் அலுவலகமும் டெக்சாஸில் பெரும்பாலும் வேறு வேறு. முன்னதன் பக்கத்தில் மதிப்பைப் பார்த்துவிட்டு, பாக்கி இல்லை என்று முடிவுசெய்யாதீர்கள். பாக்கியை வசூல் அலுவலகத்தில்தான் பார்க்க வேண்டும். அங்கே அதிகபட்சம் 10 டாலர் கட்டணத்துக்கு வரிச் சான்றிதழ் தருவார்கள். நம்மூர் வில்லங்கச் சான்று போல நினைத்துவிட வேண்டாம். அடமானமோ வழக்கோ அதில் வராது, வரி மட்டுமே வரும். பதிவேட்டில் சந்தை மதிப்பு, கணக்கிட்ட மதிப்பு, வரிக்குரிய மதிப்பு என்று பல வரிகள் இருக்கும். கடைசியாக உள்ளதன் ஒவ்வொரு 100 டாலருக்கும்தான் விகிதம் போடப்படுகிறது. அந்த விகிதமும் ஒன்றல்ல. கவுண்டி, பள்ளி மாவட்டம், சில இடங்களில் மருத்துவமனை மாவட்டம், அவசரச் சேவை மாவட்டம், நிலத்தடி நீர் மாவட்டம் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கும். பொதுவாகப் பள்ளியின் பங்கே பெரியது.

மதிப்பு ஜனவரி 1 அன்றுள்ள நிலையை ஒட்டியது. வரிக் கேட்புச் சீட்டு பொதுவாக அக்டோபரில் புறப்படும், ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரியில் கட்டினால் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் கூடும். மாதந்தோறும் ஏறி ஜூலையில் 18 சதவீதமாகும். அதற்குமேல் வசூல் வழக்கறிஞருக்காக 20 சதவீதம் வரை சேர்க்கலாம். மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15, அல்லது அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 30 நாட்கள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் எழுத வேண்டும். மேய்ச்சல் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் மூன்றாண்டு வரி வித்தியாசத்தைக் கேட்பார்கள், அதுதான் ரோல்பேக். 2019-க்கு முன்பு அது ஐந்தாண்டாக இருந்தது. பூமிக்கு அடியில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தால் அதன் உரிமைக்குத் தனிக் கணக்கு இருக்கும், மேல் நிலத்தின் கணக்கில் தேடிப் பயனில்லை.

ஈரோட்டுக்காரன்

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கதை ஒரு பத்தி, அறிவுரை இரண்டு பத்தி. யாரும் கேட்கவில்லை என்றாலும் தகவல் சரியானது என்பதால் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இனி வரக்கூடிய ரோல்பேக் வரி அந்தச் சான்றிதழில் பாக்கியாக வராது. பாக்கி இல்லை என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மறு ஆண்டே வீடு கட்ட மேய்ச்சல் நிலத்தைச் சமன்செய்த ஒருவரை எனக்குத் தெரியும்.

என்னுடையது இரண்டு கவுண்டி எல்லையில் உள்ள நிலம். எல்லைக்கோடு குளத்தின் நடுவே போகிறது. கிழக்குக் கரைக்கு ஒரு கணக்கு எண், மேற்குக் கரைக்கு இன்னொன்று. ஒரு கவுண்டி ஏக்கருக்குப் போட்ட மதிப்பும் மற்றது போட்டதும் ஒத்துப்போவதே இல்லை. மேற்கு அலுவலகத்தில் இதைக் கேட்டபோது, அங்கிருந்த இளைஞர் சுவரிலிருந்த வரைபடத்தின் ஓரத்தைக் காட்டி, "இதற்கு அப்பால் எங்களுக்கு உலகமே கிடையாது" என்றார். உண்மையிலேயே அந்த வரைபடத்தில் என் குளம் பாதிதான் இருந்தது, மறுபாதி வெள்ளைத்தாள்.

தேன்கூடு

செம்மண் அவர்களின் மாட்டுக்காரர் கதையைப் படித்ததால் எழுதுகிறேன். எங்களிடம் மாடு இல்லை, தேனீ இருக்கிறது. 5 ஏக்கரிலிருந்து 20 ஏக்கர் வரையுள்ள நிலத்துக்குத் தேனீ வளர்ப்பையும் டெக்சாஸ் வேளாண் பயனாக ஏற்றுக்கொள்கிறது. எத்தனை பெட்டி வேண்டும் என்பதை அந்தந்த அலுவலகம் வகுக்கிறது.

ஆய்வுக்கு வந்த அலுவலர் வாசற்கதவருகே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கி, அங்கிருந்தே பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். பிறகு, "ஒவ்வொரு மூடியையும் திறந்து காட்டுங்கள், வெறும் பெட்டிக்கு மதிப்புக் கொடுக்க முடியாது" என்றார். நான் முகவலை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு பெட்டியில் ஈக்கள் குறைவாக இருந்ததால் அதன்மேல் பேனாவை நீட்டியபடி சற்று நேரம் யோசித்தார். அதற்குள் நாலைந்து ஈக்கள் அவருடைய கண்ணாடிப் பிளவுக்குள் நுழைந்துவிடவே, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளிருந்தபடி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பதிவேட்டில் "டி1" தொடர்ந்தது. வீடு நிற்கும் ஒரு ஏக்கருக்கு மட்டும் சந்தை மதிப்பு, அது முறைதான்.

ஆனால் தேனீயை எளிய வழி என்று நினைத்து வருகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. முந்தைய ஏழாண்டுகளில் ஐந்தாண்டாவது அந்த நிலம் வேளாண் பயனில் இருந்திருக்க வேண்டும். பெட்டிகளை வாங்கி இறக்கியவுடன் வரி குறைந்துவிடாது. தொடர்ச்சி அறுந்துபோன நிலத்தை வாங்கியவர், அந்த ஆண்டுகள் சேரும்வரை முழு வரியைக் கட்டிக்கொண்டேதான் தேனீ வளர்க்க வேண்டும். செம்மண் அவர்களே, அந்த மாட்டுக்காரருக்கு வயதாகி மாடுகளை விற்றுவிட்டால் நீங்களும் தேனீக்கு மாறலாம். இடையில் நிலத்தைச் சும்மா போட்டுவிடாதீர்கள், மாறும் முன் உங்கள் கவுண்டி அலுவலகத்தின் பெட்டி எண்ணிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய வாய்மொழிக் குத்தகையையும் இப்போதே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகம் புது விண்ணப்பத்தோடு முதலில் கேட்டது அதைத்தான்.