தூண்டிலில் பூட்டும் போலி மீனுக்கு ஒரு சொல் – வெள்ளிக்கிழமைக்குள்

அனுப்புநர்: கல்லடி
திங்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

வாவிக்கரைப் பாடசாலை ஒன்றில் விடுமுறைக்காலப் பட்டறை நடக்கப்போகிறது. தரம் 8, 9 பிள்ளைகள் தூண்டில் கருவிகளைத் தங்கள் கையாலேயே செய்யப் பழகுவார்கள். அதற்காக ஓர் அமெரிக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்நாட்டு ஏரிகளில் ‘பாஸ்’ என்னும் மீனைப் பிடிப்பவர்களுக்காக எழுதப்பட்டது. எந்தத் தண்ணீருக்கு எந்தத் தடி, எவ்வளவு தடிப்பான நூல், எதை விலைகொடுத்து வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தூண்டில் தடி, தங்கூசி (நைலோன் நூல்), ஈயக்குண்டு, தக்கை என்று தடங்கலில்லாமல் எழுதிக்கொண்டு போனேன். பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

மரத்தாலோ தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஓர் உருச்செய்து, அதில் முள் பூட்டித் தண்ணீரில் இழுத்தால் உயிருள்ளதைப்போல நெளிகிறதே, அதற்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் ‘லூர்’ (lure) என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் ஆசைகாட்டுவது, கவர்வது என்று விளக்கம் கிடைக்கிறது, பெயர் கிடைக்கவில்லை. ‘செயற்கை இரை’ என்று எழுதிப் பார்த்தேன். பண்ணையில் மீனுக்குப் போடும் உருண்டைத் தீனியும் செயற்கை இரைதான். அதோடு, ஒரே பக்கத்தில் ஏழெட்டு முறை வரும் சொல் இவ்வளவு நீளமாக இருந்தால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள்.

‘பாஸ்’ என்ற பெயரும் இடிக்கிறது. கடலுக்குப் போகப் பாஸ் எடுத்த காலம் எங்கள் கரையில் இன்னும் மறக்கப்படவில்லை. ‘பாஸ் மீன்பிடி’ என்று தலைப்புப் போட்டால் பெரியவர்கள் அனுமதிச் சீட்டு என்றுதான் நினைப்பார்கள். இதற்கும் வழி சொல்லுங்கள்.

----

அனுப்புநர்: களுவாஞ்சிகுடி
திங்கள், இரவு

அன்பு மகளுக்கு,

அகநானூறு 36ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். மதுரை நக்கீரர் பாடியது. வரிகள் கொண்ட ஆண் வரால் ஒன்று ‘கொடுவாய் இரும்பின் கோளிரை துற்றி’ விடுகிறது. முள் தைத்ததும் ஆம்பல் இலை கிழிகிறது, குவளைப் பூ சிதைகிறது, வள்ளைக்கொடி கலங்குகிறது. தூண்டில் வேட்டுவன் இழுக்கிறான், மீன் வரமறுக்கிறது. தூண்டிற்காரனுக்கும் மீனுக்கும் நடக்கும் இழுபறியை இதைவிட நெருக்கமாகச் சொன்ன வரிகளை நான் வேறெங்கும் படித்ததில்லை.

‘கொடுவாய் இரும்பு’ என்பது வளைந்த வாயுடைய இரும்பு, அதாவது தூண்டில் முள். இப்போது நம் வாவி மீனை நினையுங்கள். கொடுவா! கொடுவாய் என்பதே கொடுவா என்று குறுகியது என்பது என் துணிபு. பிடிக்கும் முள்ளுக்கும் பிடிபடும் மீனுக்கும் ஒரே அடைமொழி. கொடு என்றால் வளைவு. கொடுவாள் வளைந்த வாள். கொடுங்கோல் வளைந்த கோல், அதனால் நீதி தவறியது. கொடுக்கு, கோடு, கோணல் எல்லாம் இந்தக் குடும்பம். செந்தமிழுக்கு எதிராகக் கொடுந்தமிழ் என்றதும் இதனால்தான். இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத எண்ணியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல் பாட்டிலேயே இருக்கிறது. கோளிரை. கோள் என்றால் கொள்ளுதல். இரைபோல இருந்துகொண்டு, கொள்ள வந்ததையே கொண்டுவிடும் இரை. மூன்று எழுத்து, ஈராயிரம் ஆண்டுப் பழமை. வேறு தேட வேண்டாம்.

----

அனுப்புநர்: அக்கரைப்பற்று
செவ்வாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

மாஸ்டர் சொன்ன பாட்டை மகனிடம் வாசித்துக் காட்டினேன். வரால் பாயும் இடம் அவனுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கோளிரை என்றதும், “செவ்வாய், வியாழன் மாதிரியா வாப்பா?” என்று கேட்டான். தரம் 8இல் கோள் என்றால் அதுதான்.

பதினாறு வருடங்களாக நான் இதைக் கையால் செய்கிறேன். ஆகவே சொல்லுக்கு முன் பொருளைச் சொல்கிறேன். காய்ந்த முருக்கங்கட்டையை எடுப்பேன்; வெட்டுக்கு இணங்கும், நன்றாக மிதக்கும். நடுவிரல் நீளத்துக்கு மீனாகச் செதுக்கி, அரத்தாளால் தேய்த்து, வயிற்றோடு நீளவாக்கில் வாளால் ஒரு கீறல் இடுவேன். அந்தக் கீறலுக்குள் துருப்பிடிக்காத கம்பி, மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் வளையம் வெளியே தெரியும்படி போகும். வயிற்று வளையத்துக்குச் சற்று முன்னால் ஈயத்துண்டு ஒன்றைப் புதைப்பேன். ஈயம் அரை விரற்கிடை பின்னால் போனாலும் மீன் வாலில் நிற்கும். முழு வேலையும் வீண். பிறகு பசை, நிறம், மேற்பூச்சு.

கடைசியாக முகத்தில் நாக்குப் பொருத்த வேண்டும். பழைய சி.டி. தட்டை வெட்டினால் போதும், தண்ணீரில் ஊறாது. அதை உடம்போடு நேராக வைத்தால் ஆழத்துக்குப் போகும். கீழ்நோக்கிச் செங்குத்தாக வைத்தால் மேல்மட்டத்திலேயே அகலமாக ஆடிக்கொண்டு வரும். தங்கச்சி, கையேட்டில் இதை ‘உதடு’ என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் வாயைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாக்கு என்று எழுதுங்கள்.

எங்கள் துறையில் இளைஞர்கள் எந்தக் கம்பனி செய்தாலும் ‘ராப்பலா’ என்றே சொல்கிறார்கள். அது பின்லாந்துக்காரர் ஒருவரின் பெயர். லௌரி ராப்பலா என்ற அந்த மீனவர் 1936இல் தக்கைமரப் பட்டையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சொக்கலேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, புகைப்பட நெகற்றிவை உருக்கி மேலே பூசினார். காயம்பட்டுத் தடுமாறும் குஞ்சுமீனைத்தான் பெரிய மீன் முதலில் பிடிக்கிறது என்று கவனித்து, அந்தத் தடுமாற்றத்தை மரத்தில் கொண்டுவந்தவர் அவர். ஆகவே நான் செய்வது இரை அல்ல, மீன். என் வாப்பா இதை முதலில் பார்த்தபோது ‘பொய்மீன்’ என்றார். அந்தச் சொல் போதாதா?

----

அனுப்புநர்: வந்தாறுமூலை
செவ்வாய், மாலை

விலங்கியல் படிப்பிப்பவள் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

முதலாவது, அமெரிக்கப் பாஸும் நம் கொடுவாவும் வேறு வேறு குடும்பம். கையேட்டில் ‘பாஸ்’ வருமிடமெல்லாம் ‘கொடுவா’ என்று மாற்ற வேண்டாம், அக்கா. அவர்களுடைய மீன் நன்னீரிலேயே முட்டையிட்டு நன்னீரிலேயே வாழ்ந்துவிடும். கொடுவா முட்டையிட உப்புநீர் வேண்டும். ஆற்றுமுகத்தையும் கடலையும் நோக்கி இறங்கும். பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும். மாரியில் முகத்துவாரம் வெட்டும்போது பாலமீன்மடுவில் கூட்டம் ஏன் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமானால் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். அமெரிக்க மீனை ‘அகல்வாய்ப் பாஸ்’ என்று எழுதுங்கள், அனுமதிச் சீட்டோடு குழம்பாது. கருவியிலும் வேறுபாடு உண்டு. கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல் வெட்டும். அமெரிக்கக் கையேடு சொல்லும் மெல்லிய நூலை அப்படியே கட்டினால் முதல் பாய்ச்சலில் அறுந்துவிடும். முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் தடித்த தங்கூசி கட்டும்படி அடிக்குறிப்புப் போடுங்கள்.

இரண்டாவது, ‘பொய்மீன்’ அழகான சொல், ஆனால் போதாது. 1949இல் நிக் கிரீம் என்ற அமெரிக்கர் மென்பிளாஸ்டிக்கில் மண்புழு வார்த்தார். பாஸ் பிடிப்பவர்கள் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள். தவளை வடிவிலும் இறால் வடிவிலும் செய்கிறார்கள். இவையெல்லாம் பொய்மீன் ஆகுமா? ‘பொய்யிரை’ என்று விரித்துவிடுங்கள். பொய்மீன் அதில் ஒருவகையாக இருக்கட்டும்.

----

அனுப்புநர்: காரைதீவு
புதன்

நானா 1936 என்று எழுதியதைப் படித்ததும் கைவேலையை நிறுத்திவிட்டேன். அதே ஆண்டில்தான் எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஒருவர் வடக்கே பின்லாந்தில் மரத்தைச் செதுக்குகிறார். இன்னொருவர் சென்னையில் சொல்லைச் செதுக்குகிறார். இன்று நாம் அந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டப் பார்க்கிறோம்.

சொல்லுக்கு வருவோம். ‘பொய்’ என்பது பொருளின் இயல்பைச் சொல்கிறது, தொழிலைச் சொல்லவில்லை. ஒரு கருவிக்கு அது செய்யும் தொழிலால் பெயர் வருவதே சிறப்பு. மீனை மருட்டுகிறது, ஆகவே மருட்டிரை. இதை ‘மருளிரை’ என்று எழுதக்கூடாது. மருள் தன்வினை, மருளிரை என்றால் தானே மருண்டுபோன இரை. மருட்டு பிறவினை. மருட்டு + இரை, குற்றியலுகரம் உயிர்முன் கெட்டு மருட்டிரை. முக்காலத்தையும் தாங்கும் வினைத்தொகை.

ராப்பலாவை அப்படியே ஏற்கலாம் என்று யாராவது சொல்லும்முன் ஒரு வார்த்தை. ரகரம் தமிழில் மொழிமுதல் வராது. இகரம் சேர்த்து ‘இராப்பலா’ என்று எழுதினால் பலாமரத்தில் ஒருவகை ஆகிவிடும்.

----

அனுப்புநர்: களுவாஞ்சிகுடி
புதன், இரவு

தம்பி காரைதீவின் இலக்கணம் சரி. இருந்தும் மருட்டிரை நேற்றுப் பிறந்த சொல். நக்கீரர் கொடுத்ததை வைத்துக்கொண்டு ஏன் புதிது செய்ய வேண்டும்? கோள் என்றதும் பிள்ளைகள் வானத்தைப் பார்க்கிறார்கள் என்றால், கொள்ளுதல் என்ற பொருளையும் கற்றுக்கொடுப்பதுதான் ஆசிரியர் வேலை. முப்பத்துநான்கு வருடம் நான் அதைத்தான் செய்தேன். பிள்ளைகளுக்கு விளங்காது, விளங்காது என்று சொல்லிச் சொல்லியே ஆயிரம் சொற்களைக் கைவிட்டுவிட்டோம்.

பொய்யிரையில் எனக்கு உறுத்துவது ‘பொய்’. வாய்மைக்கு எதிரான சொல்லைப் பிள்ளைகள் கையால் செய்யும் பொருளுக்கு வைப்பதா?

ஒன்றை மட்டும் எல்லோரும் ஏற்பீர்கள் என்று நம்புகிறேன். கையேட்டில் கரண்டி வடிவில் பளபளக்கும் உலோகத் தகடு ஒன்று வருமே, அதற்கு வள்ளுவர் பெயர் வைத்துவிட்டார். ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்பது 931ஆம் குறள். பொன் என்பது இங்கே உலோகம் என்ற பொதுப்பொருளில் நிற்கிறது. பரிமேலழகரும் இரையால் மறைந்த தூண்டில் இரும்பு என்றே உரை எழுதுகிறார். இன்றைய தகட்டில் மறைக்க இரைகூட இல்லை, மின்னுவதே இரை. அந்தத் தகடு தூண்டிற்பொன்.

----

அனுப்புநர்: அக்கரைப்பற்று
வியாழன், காலை

மாஸ்டர், தூண்டிற்பொன்னுக்கு என் முழுச் சம்மதம். இன்றே கடையில் எழுதி ஒட்டுகிறேன்.

‘பொய்’ பற்றி மட்டும் மறுக்கிறேன். பொய்க்கால் பூட்டி நடப்பவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! பொய்ப்பல் கட்டியவர்கள் எத்தனை பேர்! அந்தக் காலை யாரும் பொய்யன் என்று சொல்வதில்லை. இல்லாத ஒன்றின் இடத்தில் நின்று வேலை செய்வதற்கும் தமிழில் பொய் என்றுதான் பெயர்.

----

அனுப்புநர்: கல்லடி
வியாழன், இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவரை இருத்தி, மூன்று சொற்களையும் தாளில் எழுதிக்கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கோளிரையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். மருட்டிரையை ஒரு பையன் ‘மிரட்டு இரை’ என்று படித்து, மீன் பயந்து ஓடிவிடாதா என்று கேட்டான். பொய்யிரையைப் படித்ததும் சின்னவள் எழுந்துபோய், மேசையில் இருந்த நானாவின் மரமீனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பின்பு பெரிய சட்டியில் தண்ணீர் நிரப்பி, நூலைக் கட்டி அவளையே இழுக்கச் சொன்னேன். முதலில் அது பக்கம் சாய்ந்து கிடந்தது. சற்று வேகமாக இழுத்ததும் தலை தாழ்ந்து, நாக்குத் தண்ணீரை வெட்ட, வால் இரண்டு பக்கமும் துடித்தது. அவள் கையை உதறி நூலை விட்டுவிட்டாள். உயிர் வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

கையேட்டில் பொய்யிரை என்றே போடுகிறேன். ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’. ஆகவே யகரம் இரட்டித்தே வரும், அச்சுக்கோப்பவரிடமும் சொல்லிவிட்டேன். மீன் வடிவில் இருப்பது பொய்மீன், புழு வடிவில் இருப்பது பொய்ப்புழு, தகடு தூண்டிற்பொன், முகத்தில் நாக்கு. அமெரிக்க மீன் அகல்வாய்ப் பாஸ். செவுள்மூடி பற்றிய அடிக்குறிப்புச் சேர்ந்துவிட்டது. அகநானூற்று வரிகளை முதற்பக்கத்தில் உரையோடு போட்டிருக்கிறேன், ஐயா.

----

அனுப்புநர்: களுவாஞ்சிகுடி
வெள்ளி

பாட்டை முதற்பக்கத்தில் போட்டதற்கு மகிழ்ச்சி. பிள்ளைகள் அதை மனனம் செய்யட்டும். பொய்யிரைக்கு என் சம்மதம் இல்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். இரண்டாம் பதிப்பு வரும்போது கோளிரையை மறுபடி பேசுவோம்.

----

அனுப்புநர்: அக்கரைப்பற்று
வெள்ளி, இரவு

சனிக்கிழமை நான் முருக்கங்கட்டையோடு வருகிறேன். முப்பது துண்டு அறுத்துவைத்திருக்கிறேன். கம்பியும் ஈயமும் என் பொறுப்பு, பழைய சி.டி. தட்டுகளை அங்கே சேர்த்துவையுங்கள்.

தங்கச்சி, கையேட்டின் 14ஆம் பக்கத்தில், இழுக்கும்போது பொய்மீன் நெளிவதை ‘ஆட்டம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டம் என்று நாங்கள் சொல்வது தளர்ந்த ஆணிக்கும் பிசகிய நாக்குக்கும். பொய்மீன் சரியாக நெளிவதற்கு வேறு சொல் வேண்டும். யாரிடமாவது இருக்கிறதா?