புதுப்பிப்பு: வெளிர்நீல மேலங்கி யாருடையது?

நண்பர் வீட்டுப் பழைய பெட்டியில் கிடைத்த பட்டு மேலங்கி எந்தப் பிரிட்டிஷ் அரச விருது அமைப்பினுடையது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: ஸ்டார் ஆஃப் இந்தியா. விக்டோரியா ராணி 1861இல் இந்திய மன்னர்களையும் உயர் அதிகாரிகளையும் கௌரவிக்க நிறுவியது.

நிறமே காட்டிக்கொடுத்தது. இதன் மேலங்கி வெளிர்நீலச் சாட்டின், உள்ளே வெள்ளைப் பட்டு. பின்னால் வந்த இந்தியன் எம்பயர் என்ற இன்னொரு விருது அமைப்புக்கு ஊதா. இடப்பக்க மார்பில் தைத்த நட்சத்திரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஐந்து முனை, சுற்றிலும் கதிர்கள், நடுவில் நீலப் பட்டையில் 'விண்ணொளியே எமக்கு வழிகாட்டி' என்று பொருள்படும் ஆங்கில வாசகம். வெள்ளைப் பட்டுக் கயிற்றின் நீல-வெள்ளிக் குஞ்சங்கள்கூட அப்படியே இருக்கின்றன. எவ்வளவு அழகான வேலை!

1866இல் மூன்று நிலைகளாகப் பிரித்த பிறகு மேலங்கி உச்ச நிலையான கிராண்ட் கமாண்டர்களுக்கு மட்டும்தான். அதனால் இது பெரிய ஆள் அணிந்தது.

சரி, வெள்ளி இழையைப் பளபளப்பாக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம், தேய்த்தால் இழை அறுந்துபோகும். இப்போதைக்கு அமிலமில்லாத் தாள் விரித்து, வெளிச்சம் படாமல் கிடத்தி வைத்திருக்கிறோம். அடுத்து ஒரு துணிப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டப் போகிறோம்.