நெரிசலான ஹாலுக்கு எந்த கான்ட்ரா நடனம் ஒத்துவரும்?

கேள்வி
கான்ட்ராவில் ஜோடிகள் எதிரெதிராக நீள வரிசையில் நின்று, இரண்டிரண்டு ஜோடியாக (நால்வராக) ஆடி, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த ஜோடியிடம் நகர்வார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு டவுன் ஹால். உள்ளளவு 36 அடி அகலம், 60 அடி நீளம். வரும் சனிக்கிழமை 120 பேர் எதிர்பார்க்கிறோம். காலர், அதாவது அடுத்த அசைவைக் கூவிச் சொல்பவர், நான்தான். போன தடவை மூன்று வரிசை நிறுத்தியதில், வட்டம் சுற்றும்போதே பக்கத்து நால்வரோடு முதுகு உரசியது. ‘டவுன் தி ஹால்’ (நால்வரும் ஒரே கோடாக, இசைக்குழுவை விட்டு விலகி ஹாலின் கீழ்முனை நோக்கி நடப்பது) வந்ததும் கடைசி நால்வர் சுவரில் போய் நின்றுவிட்டார்கள். எந்த நடனங்களைத் தவிர்க்கலாம்?

பதில் 1
நடனம் இருக்கட்டும், முதலில் வரிசைக் கணக்கைப் பாருங்கள். மூன்று வரிசை என்றால் ஒன்றுக்கு 40 பேர், அதாவது பத்து நால்வர். 60 அடியில் ஒரு நால்வருக்கு 6 அடிதான் கிடைக்கும். கைகோத்து வட்டம் போடவே அது சரியாகிவிடும், அசைய இடம் ஏது? நான்கு வரிசை போட்டால் ஒன்றுக்கு 30 பேர். நீளவாக்கில் 8 அடி, அகலவாக்கில் 9 அடி வரும். ஐந்து வேண்டாம், அகலம் 7 அடிக்குச் சுருங்கிவிடும். 30 பேர் என்பது 15 ஜோடி, ஒற்றைப்படை. எப்போதும் ஒரு ஜோடி வரிசையின் ஏதோ ஒரு முனையில் சும்மா நிற்கும். அவர்களுக்கும் அங்கே இடம் விடுங்கள்.

பதில் 2
நான்கு வரிசைதான் சரி. ஆனால் 9 அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எல்லா வரிசையும் ஒரே தாளத்தில் ஒரே அசைவைச் செய்கின்றன. ‘ஹே’யில் (நால்வரும் பின்னல்போல் ஒருவரையொருவர் கடந்து போகும் அசைவு) ஓரத்து ஆள் வரிசைக்கு வெளியே வளைந்து திரும்புவார், அதே நொடியில் அடுத்த வரிசைக்காரரும் அதே இடைவெளிக்குள் வளைவார். இடிப்பது அங்கேதான். எதிர்ப்பக்கம் கடந்து போகும் ‘செயின்’, ‘ரைட் அண்ட் லெஃப்ட் த்ரூ’ இரண்டும் கர்ட்டஸி டர்னில் (இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று சேர்ந்து திரும்புவது) முடிவதால், ஒருவர் பின்பக்கமாக நடந்து அதே இடைவெளிக்குள் போகிறார். பின்னால் வருபவர் அவர் கண்ணில் படமாட்டார்.

‘டவுன் தி ஹால்’ அறவே வேண்டாம். நால்வர் தோளோடு தோள் நின்றால் 8 அடி, உங்களிடம் இருப்பது 9. ‘கோரஸ் ஜிக்’ போன்ற பழைய நடனங்களில் முதல் ஜோடி வரிசைக்கு வெளிப்புறமாகவே இறங்கி வரும். அருமையான நடனம்தான், கூட்டமில்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
சரி. பிறகு என்னதான் மிஞ்சும்?

பதில் 2
உள்நோக்கி வரும் அசைவுகள் எல்லாமே மிஞ்சும்: வட்டம், ஸ்டார் (கைகளை நடுவில் சேர்த்துச் சுற்றுவது), அலமாண்ட் (இருவர் ஒரு கை பிடித்துச் சுற்றுவது), நீள்வரிசை முன்னே பின்னே, ஸ்விங் (இருவர் பிடித்துக்கொண்டு சுழல்வது). இம்ப்ராப்பர் நிலையில் (ஒவ்வொரு நால்வரிலும் முதல் ஜோடி மட்டும் பக்கம் மாறி நிற்பது) தொடங்கி இப்படி ஒன்று கட்டலாம் (ஏ1 முதல் பி2 வரை இசையின் நான்கு பகுதிகள், அடைப்பில் உள்ள எண் தாளம்):

ஏ1: நெய்பரோடு (நால்வரில் மற்ற ஜோடிக்காரர்) பேலன்ஸ் (முன்னே பின்னே ஓரடி), ஸ்விங் (16)
ஏ2: இடப்பக்கம் முக்கால் வட்டம் (8), பார்ட்னர் ஸ்விங் (8)
பி1: நீள்வரிசை முன்னே பின்னே (8), ராபின்கள் (ஜோடியில் வலப்பக்கம் நிற்பவர்கள்) டோ-சி-டோ, அதாவது முதுகுக்கு முதுகாக ஒருவரையொருவர் சுற்றி வருதல் (8)
பி2: இடப்பக்கம் முக்கால் வட்டம் (8), வட்டத்தில் பேலன்ஸ் (4), நேரே கடந்து அடுத்த ஜோடியிடம் (4)

மொத்தம் 64 தாளம். யாரும் வரிசையை விட்டு வெளியே போவதில்லை.

பதில் 1
ஸ்விங்கை மட்டும் கவனியுங்கள். கோத்த கையை நீட்டிப் பிடித்தால் அதுவே அடுத்தவர் விலாவில் குத்தும். முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், முடிவில் சுழற்றிவிடும் அலங்காரமும் இன்றைக்கு வேண்டாம். இதை நடந்து காட்டும்போதே சொல்லிவிடுங்கள். இசைக்குழுவிடம் நிமிடத்துக்கு 110-112 தாள வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். 120 வேண்டாம். இரண்டு நடனத்துக்கு ஒருமுறை வரிசைகளைப் பாருங்கள், இசைக்குழு இருக்கும் பக்கம்தான் எப்போதும் நெருங்கும். ‘எல்லாரும் இரண்டடி கீழே தள்ளுங்க’ என்றாலே போதும்.