தாழ்த்திய பென்ஸ்: தானாக உயரும் எயார் சஸ்பென்ஷனை நிறுத்துவது எப்படி?

கொக்குவில் பொடியன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2001 பென்ஸ் எஸ்320, டபிள்யூ220 பொடி. கலியாண ஓட்டத்துக்கு விடுகிற கார். நாலு சில்லும் எயார்மற்றிக், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் பம்ப் காற்றடிக்கும் பைகளில் நிற்பவை. படம் எடுக்கும்போது நிலத்தோடு படுத்து நிற்க வேண்டும் என்ற ஆசையில் போன மாதம் உயரச் சென்சர்களின் இணைப்புக் கம்பிகளை நீளம் மாற்றக்கூடியதாக்கி 30 மி.மீ. இறக்கினேன். முன்பக்கம் சொன்ன இடத்தில் நிற்கிறது. பின்பக்கம்தான் சொல்வழி கேட்காது.

ஞாயிறு நல்லூரில் பொம்பிளையும் இரண்டு மாமிமாரும் இறங்கினார்கள். பின்பக்கம் எழும்பி, எழும்பியபடியே நின்றுவிட்டது. ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் நாலு விரல் போகும். கமராக்காரத் தம்பிக்குச் சிரிப்பு. திரும்பி வரும் வழியில் தானாக அளவுக்கு மேல் இறங்கி, பிறகு பம்ப் கத்தத் தொடங்கியது.

பம்பின் பியூஸைக் கழற்றினால் இந்தத் தானாகச் சமப்படுத்தும் வேலை நின்றுவிடுமா? ஒரு கராஜில் கேட்டேன், "கழற்றி எறி தம்பி" என்றார்கள்.

மானிப்பாய் டீசல்:
பிராடோவில் பின் எயாருக்கு ஓஃப் பொத்தானே இருக்கிறது. அதை அமத்திவிட்டுத்தான் ஜாக் போடுவேன். உங்களுடையதிலும் இருக்கும், தேடிப் பாருங்கோ.

பழைய பென்ஸ்காரன்:
இதில் அப்படி ஓஃப் இல்லை, அண்ணை. இருக்கிற பொத்தான் காரை உயர்த்தத்தான்.

தம்பி, பியூஸில் கை வைக்க முதல் ஒன்றை யோசியுங்கோ. கம்பியின் நீளத்தை மாற்றி, சஸ்பென்ஷனை ஆட்டுவிக்கும் கணினிக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறீர்கள். 30 மி.மீ. கீழே நிற்பதுதான் சரியான உயரம் என்று அது நம்புகிறது. அந்த உயரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அதே கணினிதான். அதை நிறுத்தினால் பிடிக்க ஆள் இல்லை.

பம்பின் பியூஸை மட்டும் கழற்றினால் வால்வுகள் வேலை செய்துகொண்டே இருக்கும். காற்றை வெளியே விடத் தெரியும், உள்ளே போட வழியில்லை. ஆட்கள் ஏறி இறங்க இறங்கக் கார் பணிந்துகொண்டே போகும். கணினியையே நிறுத்தினால் வால்வுகள் மூடி, உள்ளே இருக்கும் காற்று அப்படியே நிற்கும். ஆனால் மூன்று மாமிமார் ஏறினால் பின்பக்கம் குந்தி ரயர் மட்காட்டில் உரசும். எங்காவது சின்னக் கசிவு இருந்தால் விடியும்போது ஒரு மூலை நிலத்தில் கிடக்கும். எயாரைக் கழற்றிச் சுருள் ஸ்பிரிங் போட்டவர்களுக்குத்தான் கணினியை நிறுத்துவது பொருந்தும். டாஷில் எச்சரிக்கை வராமல் இருக்க அவர்களும் தனியாக ஒரு பெட்டி பூட்ட வேண்டும்.

உங்கள் நோய் வேறு என்று நினைக்கிறேன். முன்னுக்குச் சென்சர் இரண்டு, பின்னுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று பிழையாகச் சொன்னால் பின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடும். பின் கம்பியின் இரண்டு நுனியிலும் இருக்கும் உருண்டை மூட்டு (போல் ஜொயின்ட்) புதிதா?

கொக்குவில் பொடியன்:
இல்லை அண்ணை. முன்னுக்குத்தான் முழுக் கம்பியும் புதிது. பின்னுக்குப் பழைய நுனிகளை வைத்து நடுவில் மட்டும் திருகுத்தண்டு போட்டேன். காசு பார்த்தேன்.

பழைய பென்ஸ்காரன்:
தீவுப்பக்கம் ஓட்டம் உண்டா?

கொக்குவில் பொடியன்:
கிழமைக்கு இரண்டு தரமாவது பண்ணைப் பாலத்தால் வேலணை போய் வருவேன்.

பழைய பென்ஸ்காரன்:
சரி, உப்புக் காற்று தன் வேலையைச் செய்திருக்கும். கம்பியைக் கழற்றி நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கோ. வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

ஒரு கவனம். சும்மா ஜாக் போட்டுத் தூக்க வேண்டாம். சில்லு தொங்கினால் பொடி உயர்ந்துவிட்டதென்று நினைத்துக் கணினி பையிலுள்ள காற்றைத் திறந்துவிடும். பிறகு காற்றில்லாத பைக்கு மேல் காரை இறக்கினால் பை மடிந்து கிழியும். திறப்பை எடுத்தாலும் போதாது, கதவைத் திறந்தாலே அது விழித்துக்கொள்ளும். பம்ப் பியூஸோடு கணினியின் பியூஸையும் கழற்றிவிட்டுத் தூக்குங்கோ. உங்கள் பியூஸ் ஆசைக்கு இதுதான் இடம்! பொடிக்குக் கீழே தாங்கி வைக்காமல் தலையை உள்ளே விட வேண்டாம்.

கொக்குவில் பொடியன்:
நீங்கள் சொன்னதுதான். மேல் நுனி துருப்பிடித்து இறுகிப்போய் இருந்தது. விரலால் அசைக்க முடியவில்லை, குறட்டால் பிடித்துத் திருப்பியபோது ஒரு தரம் கிறீச்சிட்டு அரைவாசியில் நின்றது. சென்சரின் கை அதோடு சேர்ந்து சிக்கி நின்றிருக்கிறது. கார் எழும்பியதைக் கணினி எப்படி அறியும்?

இரண்டு நுனியும் புதிதாகப் போட்டேன். பழைய நீளத்துக்குத் திருகி, சமதரையில் இறக்கி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்தேன். இடமும் வலமும் 2 மி.மீ. வித்தியாசம். தம்பிமார் மூன்று பேரைப் பின்னால் ஏற்றி இறக்கினேன். எழும்பியது, கொஞ்ச நேரத்தில் புஸ்ஸென்று காற்றை விட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றது.

பம்ப் மட்டும் முந்தியதைவிடக் கூட நேரம் ஓடுவதுபோல் இருக்கிறது.

மானிப்பாய் டீசல்:
சவர்க்கார நுரையைக் குழாய் பூட்டும் இடங்களிலும் பைகளின் மேல் முனையிலும் பூசிப் பாருங்கோ. குமிழி வருகிற இடம்தான் கசிவு.

பழைய பென்ஸ்காரன்:
பம்பின் ரிலேயையும், அதாவது அதற்குக் கரண்ட் விடும் சுவிச்சையும், மாற்றிவிடுங்கோ. அது உள்ளே ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஓடிக் கருகும். ரிலேயின் விலை பம்பின் விலைக்குக் கிட்டவும் வராது.

கொக்குவில் பொடியன்:
ஆடி முழுக்கக் கலியாணம் இல்லை, கார் வீட்டில்தான். ரிலேயை மாற்றி நுரையும் பூசிப் பார்க்கிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அதே கமராக்காரர்தான் வருகிறாராம்.