ஜோன் நன் கம்பஸ் வேலையை விட்டது சரியோ பிழையோ? (ஏஎல் மெட்ஸ் எதிர் செஸ்)

குதிரைக்காரன்:
போன கிழமை இஞ்ச ஒராள் எழுதியிருந்தவர், ஏஎல் மெட்ஸ் செய்யிற பெடியன் செஸ்ஸோட மினக்கெட்டா கம்பஸுக்கு எடுக்கிற இசட் ஸ்கோர் போச்சு, சோதினை முடியும் வரைக்கும் போர்டைக் கட்டி மேல போடுங்கோ எண்டு. கனபேர் கை தட்டியிருந்தினம். அந்த ஆக்கள் எல்லாருக்கும் நான் ஒரே ஒரு பேர் சொல்லுறன், ஜோன் நன். 1955 இல லண்டனில பிறந்தவர். 1970 இல, 15 வயசில, ஒக்ஸ்போர்ட் ஓரியல் கொலிஜ்ஜுக்கு மெட்ஸ் படிக்கப் போனவர், அது எங்கட பெடியள் ஓஎல்லுக்கு ஓடித்திரியிற வயசு. படிப்பு ஓடிக்கொண்டிருக்கேக்கயே ஐரோப்பிய ஜூனியர் செஸ் சாம்பியன். பேந்து 1978 இல செஸ்ஸின்ர பெரிய பட்டமான கிராண்ட்மாஸ்டர் (ஜிஎம்), அதே 1978 இலதான் மெட்ஸில டொக்டரேட்டும். ரெண்டும் ஒரே வருசம் ஐயா! இனி ஆர் என்ன சொல்லப் போறியள்?

இசட் ஸ்கோர்:
அண்ணை, இன்ரர்வெல்லோட எழும்பி வந்துட்டு படம் சூப்பர் எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு உங்கட கதை. மிச்சத்தை நான் சொல்லுறன். ஒக்ஸ்போர்ட்டில மெட்ஸ் படிப்பிச்சுக்கொண்டிருந்த மனிசன் 1981 இல அதை விட்டுட்டு முழுநேரமா செஸ் விளையாடப் போட்டார். அப்ப 26 வயசு மட்டில. ரெண்டையும் கொண்டு போகலாம் எண்டா ஏன் விட்டவர்? ஒரு கட்டத்தில ஒண்டைக் கைவிடத்தான் வேணும், அவர் கைவிட்டது மெட்ஸை. உங்கட உதாரணம் எனக்குத்தான் பொயின்ற் தருது.

கறுப்புக்காய்:
ரெண்டு பேரும் பொறுங்கோ. செஸ் உலக சாம்பியனா இருந்த நோர்வேக்காரன் கார்ல்சன் 2010 இல டெர் ஸ்பீகல் எண்ட ஜேர்மன் சஞ்சிகைக்குக் குடுத்த பேட்டியில நன்னைப் பற்றிக் கதைச்சிருக்கிறார். நன் உலக சாம்பியனா வராததுக்குக் காரணமே ஆள் அளவுக்கு மிஞ்சின கெட்டிக்காரன் எண்டதுதானாம், தலைக்குள்ள கனக்க விசயம், எல்லாத்தையும் அறியவேணும் எண்ட ஆசை, அது ஆளை செஸ்ஸில இருந்து வெளியில இழுத்துப்போட்டுது எண்ட கருத்தில. அப்ப நட்டப்பட்டது மெட்ஸ் இல்லை, செஸ்தான். கார்ல்சனைவிட உங்களுக்குக் கூடத் தெரியுமோ? உண்மையா மேல வரவேணும் எண்டா படிப்பை ஓரங்கட்டத்தான் வேணும். சென்னைப் பெடியன் குகேஷைப் பாருங்கோ, நாலாம் வகுப்போட முழுநேரப் பள்ளிக்கூடம் நிண்டுட்டுது, 2024 டிசம்பரில சிங்கப்பூரில சீனாவின்ர டிங் லிரெனை வெண்டு 18 வயசில உலக சாம்பியன்.

ரீச்சரம்மா:
கறுப்புக்காய் தம்பி, குகேஷின்ர அப்பா ஈஎன்டி டொக்டர், மகனோட ஊரூரா போறதுக்காகத் தன்ர ப்ராக்டிஸையே நிப்பாட்டினவர், வீடு ஓடினது தாயின்ர சம்பளத்தில. அதையும் சேத்துச் சொல்லுங்கோ. அதோட சென்னை எண்டா 1988 இல ஆனந்த் இந்தியாவின்ர முதல் ஜிஎம் ஆன நாளில இருந்து செஸ் வளந்த இடம், கோச் தேடி அலையத் தேவையில்லை. இலங்கைக்கு இன்னும் ஒரு ஜிஎம் கூட இல்லை. இஞ்ச ஒரு பிள்ளை நல்ல ரேட்டிங் ரூர்ணமென்ற் விளையாடுறது எண்டா பெரும்பாலும் கொழும்புக்கு நைட் பஸ், தாய் இல்லாட்டித் தகப்பன் கூடப் போகவேணும், தங்கிற செலவு, சாப்பாடு, திங்கள் விடிய வந்திறங்கி அந்தப் பிள்ளை அப்பிடியே பள்ளிக்கூடம் வரும், முதலாம் பாடத்திலயே நித்திரை தூங்கும். பள்ளிக்கூடத்தை விடு எண்டு ரைப் பண்ணுறது சுகம்.

குதிரைக்காரன்:
ரீச்சர் சொல்லுறது சரி. ஆனா கறுப்புக்காய், நன் செஸ்ஸில தோத்த ஆள் மாதிரி எழுதியிருக்கிறியள். 1985 மட்டில உலகத்தின்ர முதல் 10 பேருக்குள்ள நிண்டவர். ஹொலண்டில நடக்கிற வைக் ஆன் சே ரூர்ணமென்றில 1982, 1990, 1991 எண்டு மூண்டு தரம் முதலாம் இடம், அதில 82 இல மட்டும் இன்னொருத்தரோட பகிர்ந்தது. இங்கிலாந்து 84, 86, 88 எண்டு மூண்டு செஸ் ஒலிம்பியாட்டில (நாடுகளின்ர ரீம் போட்டி) தொடர்ந்து சோவியத்துக்கு அடுத்ததா வெள்ளி எடுத்ததே, மூண்டு ரீமிலயும் நன் இருந்தவர். உதுதான் செஸ் நட்டப்பட்ட கதையோ?

கறுப்புக்காய்:
முதல் 10 வேற, முதலாம் ஆள் வேற.

கொக்குவில் மாஸ்டர்:
நான் கனகாலம் இணைந்த கணிதம் படிப்பிச்ச ஆள், செஸ்ஸும் கொஞ்சம் தெரியும், 90களில கரண்ட் இல்லாத காலத்தில ஜாம் போத்தில் விளக்கில விளையாடின கோஷ்டி (மந்திரியையும் சிப்பாயையும் மாறிப் பிடிச்சு நடந்த சண்டையள் தனிக்கதை). பிள்ளையள், ஒரே மனிசனை வைச்சு ஒராள் மெட்ஸ் போச்சு எண்டுறியள், மற்றவர் செஸ் போச்சு எண்டுறியள், அந்த மனிசன் இருந்து என்ன வேலை செய்தவர் எண்டு ஒருத்தரும் பாக்கேல்ல.

நன்னின்ர டொக்டரேட் அல்ஜிப்ராயிக் டொப்பொலொஜியில (வடிவங்களை அல்ஜிப்ராவால ஆராயிற துறை), முடிவுள்ள எச் வெளிகள் எண்ட விசயம். ஏஎல் பெடியளுக்கு விளங்கச் சொல்லுறன். மட்டு 1 ஆன சிக்கலெண்கள் எல்லாம் ஆகண் வரிப்படத்தில ஒரு வட்டத்தில கிடக்கும் தானே, அதில ரெண்டைப் பெருக்கினா விடையும் அதே வட்டத்துக்குள்ளதான், 1 ஆல பெருக்கினா ஒண்டும் மாறாது. இப்பிடி ஒரு பெருக்கலை வேற எந்தெந்த வடிவத்தில வைக்கலாம்? ஒரு பந்தின்ர மேற்பரப்பில வைக்க ஏலாது. வட்டத்தைவிட்டா 3 பரிமாணக் கோளத்திலயும் 7 பரிமாணக் கோளத்திலயும் மட்டும்தான் சரிவரும் எண்டு அடம்ஸ் எண்ட கணிதக்காரன் 1960 இல நிறுவினவர். கோளத்துக்கு அங்கால மற்ற வடிவங்களில எது சரிவரும் எது வராது எண்டு தேடுறதுதான் அந்தத் துறை. படம் கீறிப் பாக்க ஏலாத இடம், ஒவ்வொரு படியும் தர்க்கத்தாலதான் போகவேணும்.

இப்ப 1992 க்கு வாங்கோ. யூனிக்ஸ் செய்த கென் தொம்சன் பெல் லாப்ஸில இருந்து ஐஞ்சு காய் மட்டும் மிஞ்சின எண்ட்கேம் (ஆட்டத்தின்ர கடைசிக் கட்டம்) கனக்கத்தைக் கொம்பியூட்டரால முழுசாக் கணிச்சு வைச்சிருந்தவர். உதாரணத்துக்கு ராசா, ரூக் (கோட்டை), ஒரு சிப்பாய் ஒரு பக்கம், ராசா, ரூக் மற்றப் பக்கம். எந்த நிலையைக் குடுத்தாலும் வெற்றியோ ட்ரோவோ (சமநிலை), எத்தினை நகர்த்தல் எண்டு சொல்லும். ஏன் எண்டு மட்டும் சொல்லாது. நன் அந்த டேட்டாவுக்குள்ள இறங்கி, பழைய புத்தகங்களில பெரிய ஆக்கள் எழுதி வைச்ச பிழையளை எல்லாம் பிடிச்சு, மனிசர் நினைவில வைச்சிருக்கக்கூடிய விதியா மாத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினவர். பேந்து அதே மாதிரி இன்னும் ரெண்டு. குவியலுக்குள்ள அமைப்புத் தேடுறதுக்குப் பேர் என்ன? சம்பளச் சிட்டையில விரிவுரையாளர் எண்டு இல்லாட்டி அது மெட்ஸ் இல்லையோ?

இசட் ஸ்கோர்:
மாஸ்டர், மரியாதையோட சொல்லுறன், உது மெட்ஸ் இல்லை. நல்ல வேலைதான், ஆனா தேற்றம் எங்க? மெட்ஸையும் செஸ்ஸையும் வைச்சிருந்து மெட்ஸை விடாத ஆளைக் காட்டுறன், நோம் எல்கிஸ். மூண்டு எண்ணின்ர நாலாம் அடுக்குகளைக் கூட்டி இன்னொரு நாலாம் அடுக்கு வராது எண்டு ஒயிலர் 18 ஆம் நூற்றாண்டில நினைச்சதை 1988 இல உடைச்சவர். 2682440, 15365639, 18796760, இந்த மூண்டின்ர நாலாம் அடுக்கையும் கூட்டினா 20615673 இன்ர நாலாம் அடுக்கு. 26 வயசில ஹார்வர்ட்டில முழுப் பேராசிரியர். செஸ் புதிர் தீர்க்கிறதில 1996 உலக சாம்பியனும் அவர்தான். 26 வயசில ஒராள் பேராசிரியர் ஆகினார், மற்ற ஆள் கம்பஸை விட்டார். நான் வேற என்னத்தைச் சொல்ல.

குதிரைக்காரன்:
எல்கிஸ் போர்டில இருந்து விளையாடி ஜிஎம் ஆன ஆள் இல்லை, அவருக்கு இருக்கிறது புதிர் தீர்க்கிறதுக்குக் குடுக்கிற ஜிஎம் பட்டம். அது சும்மா விசயம் எண்டு சொல்லேல்ல, ஆனா எதிர்ல இருக்கிற ஆள் ஆறு மணித்தியாலம் உங்களைப் போட்டு நெருக்கிறது வேற. அந்தப் புதிர் சாம்பியன்ஷிப்பையும் நன் 2004, 2007, 2010 எண்டு மூண்டு தரம் எடுத்தவர், 50 வயசு மட்டில!

தேற்றம் வேணும் எண்டா ஜேர்மன்காரன் லாஸ்கரை எடுங்கோ. 1894 இல இருந்து 1921 வரைக்கும் 27 வருசம் உலக சாம்பியன், ஒருத்தரும் இன்னும் அந்தக் கணக்கைத் தொடேல்ல. அதே ஆள் 1905 இல பல்லுறுப்பிக் கோவையளின்ர ஐடியல்கள் எண்ட அல்ஜிப்ரா அமைப்புகளைப் பற்றி நிறுவினது இப்பவும் லாஸ்கர் நோதர் தேற்றம் எண்டு கம்பஸில படிப்பிக்கினம். தேற்றமும் இருக்கு, பட்டமும் இருக்கு. காணுமோ?

இசட் ஸ்கோர்:
காணாது அண்ணை. லாஸ்கர் முந்தின சாம்பியன் ஸ்டைனிட்ஸோட ரெண்டாம் தரம் விளையாடி முடிச்சது 1897 தொடக்கத்தில. அடுத்ததாப் பட்டத்தை வைச்சு விளையாடினது 1907 இல மார்ஷலோட. இடையில 10 வருசம் பட்டத்துக்கு ஒரு போட்டியும் இல்லை. டொக்டரேட்டும் 1905 தேற்றமும் எங்க வருது எண்டு பாருங்கோ, சரியா அந்த இடைவெளிக்குள்ள. அந்தக் காலத்தில சாம்பியன் நினைச்ச நேரம்தான் விளையாடலாம், இண்டைக்கு அப்பிடி ஒருத்தரும் விடமாட்டினம். அவ்வளவு செய்தும் ஒரு நிரந்தர கம்பஸ் வேலை கிடைக்கேல்ல அந்த மனிசனுக்கு.

கறுப்புக்காய்:
உந்தப் பொயின்ற் நல்ல பொயின்ற், ஒத்துக்கொள்ளத்தான் வேணும். ஆனா நன் ஜிஎம்மும் டொக்டரேட்டும் எடுத்தது ஒரே வருசத்தில, அங்க இடைவெளி எங்க? உங்கட விதி அவருக்குப் பொருந்தேல்லையே.

இசட் ஸ்கோர்:
அதுக்கு மூண்டு வருசத்தால விட்டவர்தானே. மூண்டு வருசம் தாங்கினது.

கொக்குவில் மாஸ்டர்:
எனக்கு இவை எல்லாரையும்விடப் பிடிச்சது மக்ஸ் ஊவே. ஹொலண்டில பள்ளிக்கூட மெட்ஸ் வாத்தியார், 1935 இல அப்ப சாம்பியனா இருந்த அலெகினை வெண்டு உலக சாம்பியன். 1929 இல ஒரு கட்டுரை. அப்ப இருந்த ஒரு விதி, ஒரே நகர்த்தல் வரிசை அடுத்தடுத்து மூண்டு தரம் வந்தா ட்ரோ எண்டு. அந்த விதி இருந்தாலும் ஒரு கேம் முடிவே இல்லாமப் போகலாம் எண்டு நிறுவிக் காட்டினவர், 0 ஐயும் 1 ஐயும் வைச்சு மூண்டு தரம் தொடர்ந்து ஒண்டும் திரும்பாத ஒரு தொடரைக் கட்டி. வாத்தியார் வேலை செய்துகொண்டு உலக சாம்பியன், அதுதான் எனக்குக் காணும்.

ரீச்சரம்மா:
மாஸ்டர், வாத்தியார்மாரைத் தூக்கி வைக்கிறதில எனக்கு ஆட்சேபனை இல்லை :) ஆனா நீங்கள் எல்லாரும் கதைக்கிற ஆக்கள் கோடியில ஒண்டு. எனக்கு வாற தாய்மார் கேக்கிறது, பிள்ளையை செஸ் கிளாசுக்கு விட்டா மெட்ஸ் வருமோ எண்டுதான். கிளாஸ் நோட்டீஸ் எல்லாத்திலயும் மூளை வளரும், கணிதம் வளரும் எண்டுதானே அடிக்கினம். இங்கிலாந்தில 100 ஆரம்பப் பள்ளிக்கூடத்தை எடுத்து, குலுக்கல் முறையில ஒரு பாதிக்கு ஒரு வருசம் செஸ் படிப்பிச்சு, மற்றப் பாதிக்குப் படிப்பிக்காம விட்டு, அடுத்த வருசம் மெட்ஸ் புள்ளியைப் பாத்தவை. 2016 இல முடிவு வந்தது. வித்தியாசம் ஒண்டும் இல்லை. நன் செஸ் விளையாடினதால மெட்ஸ் வந்தவர் இல்லை, ரெண்டும் வரக்கூடிய பிள்ளை அது. உங்கட பிள்ளைக்கு செஸ் பிடிச்சா விடுங்கோ, இணைந்த கணிதத்துக்கு மருந்தா விடாதேங்கோ.

குதிரைக்காரன்:
ரீச்சர், நான் மருந்து எண்டு சொல்லேல்ல. நஞ்சு இல்லை எண்டுதான் சொன்னனான். ரியூசன் ரியூசனா ஓடித்திரியிற பெடியன் இரவில ஒரு மணித்தியாலம் போனில செஸ் விளையாடினா உலகம் அழியாது, அதே ஒரு மணித்தியாலம் ரிக்ரொக்கில போனா ஒருத்தரும் போஸ்ட் போட மாட்டியள்.

இசட் ஸ்கோர்:
ஒரு மணித்தியாலத்தோட ஆர் அண்ணை நிக்கிறாங்கள், 3 நிமிச பிளிட்ஸ் எண்டு தொடங்கி விடிய ரெண்டு மணி. என்ர தம்பியையே பாக்கிறன்.

கறுப்புக்காய்:
பிளிட்ஸை விடச் சொல்லி, சோவியத் வீரர் பீலியாவ்ஸ்கியும் நன்னும் விளையாடின 1985 கேமைப் போட்டுக் காட்டுங்கோ தம்பிக்கு. வைக் ஆன் சேயில நடந்தது, நன் கறுப்பு (அதாலதான் எனக்கு விருப்பம்). தொடக்கம் கிங்ஸ் இந்தியன் எண்ட முறை. 12 ஆவது நகர்த்தலில வெள்ளை சிப்பாயை ஜி4 கட்டத்துக்குத் தள்ளி ரூக்கையும் குதிரையையும் ஒரே அடியில தாக்குது, சாதாரண ஆள் எண்டா குதிரையைக் காப்பாத்தப் பாப்பான், நன் குதிரையை அப்பிடியே விட்டுட்டு ரூக்கால எஃப்3 கட்டத்துச் சிப்பாயை அடிக்கிறார். நாலு நகர்த்தல் கழிச்சு அந்த ரூக்கையும் குடுக்கிறார். வெள்ளை ராசா நடுவில நிண்டு தத்தளிச்சு 27 ஆவதோட பீலியாவ்ஸ்கி கையைக் குடுத்துட்டார். 81 இல கம்பஸை விடாட்டி இந்தக் கேம் வந்திருக்குமோ தெரியாது.

கொக்குவில் மாஸ்டர்:
அதோட இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அதே நன் 2022 இல இத்தாலி அசீசியில 65 வயசுக்கு மேற்பட்ட ஆக்களின்ர உலக சாம்பியன், 2023 இல சிசிலியில திரும்பவும். விட்டதை நினைச்சுக் கவலைப்படுற ஆள் மாதிரித் தெரியேல்ல எனக்கு.

இசட் ஸ்கோர்:
கேமைத் தம்பிக்கு அனுப்பிட்டன், அவன் இப்ப செஸ் எஞ்சினை (நகர்த்தலைக் கணிக்கிற புரோகிராம்) போட்டு 12 ஆவது நகர்த்தல் உண்மையிலயே சரியோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறான், நாளைக்குக் காலமை மெக்கானிக்ஸ் பேப்பர் கிளாஸ் இருக்கு. பாத்தியளோ நான் சொன்னது?

குதிரைக்காரன்:
சரியோ எண்டு பாக்கிறானே, அந்தப் பெடியன் மெட்ஸுக்குத்தான் போவான். விடுங்கோ அவனை.

இசட் ஸ்கோர்:
அண்ணை, பேப்பர் கிளாஸ் காசு கட்டுறது நான்.