பட்டம் இல்லாமல் சி.ஏ.பி. பரீட்சை எழுத ஏலுமா?

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை):
ஏ.எல். மட்டும்தான். ஹோட்டல் அலுவலகத்தில் 5 வருட நிர்வாக வேலை. அமெரிக்காவின் ஐ.ஏ.ஏ.பி. (நிர்வாகத் தொழில்முறையாளர்களின் சர்வதேச சங்கம்) தரும் சி.ஏ.பி. என்ற அலுவலக நிர்வாகச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில் 1:
ஓம். பட்டதாரிக்கு 2 வருட அனுபவம், பட்டம் இல்லாதவருக்கு 4. வழுக்குற இடம் சேவைக் கடிதம்தான். "நல்ல ஊழியர்" என்ற நற்சான்று எதுக்கும் உதவாது. பதவி, தொடங்கிய திகதி, செய்த வேலை (கோவைப் பராமரிப்பு, கூட்டக் குறிப்பு, கடிதத் தயாரிப்பு) எல்லாம் எழுதி வாங்குங்க. பெயரின் ஆங்கில எழுத்து கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் பார்க்கும்போது வில்லங்கம்.

பதில் 2:
உள்ளூர் வேலைதான் நோக்கமென்றால் டொலர் செலவு எதுக்கு? முதல்ல என்.வி.கியூ. (இலங்கையின் தேசிய தொழில் தகைமை) பாருங்க. முன்கற்றல் அங்கீகார முறையில் வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். வேலை மாதிரிகளைக் கோவையாக்குங்க, விருந்தினர் பெயர்களை மறைச்சு.

கேட்டவர்:
சேவைக் கடிதத்தில் திகதியே இல்லை. திருத்தக் கொடுக்கிறேன்.